நீர்க்காகமும் ஏரி மீனும்

கடற்கரை, ஆறு, ஏரி என மீன் உள்ள நீர்நிலைகள் எங்கும் வாழும் நீர்க்காகங்களில் உலகில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. மீனை நீருக்கடியில் துரத்திப் பிடிப்பதற்கு ஏற்ற உடலமைப்பு இவை அனைத்திற்கும் பொதுவானது. வாத்தின் இறகில் நீர் ஒட்டுவதில்லை. நீர்க்காகத்தின் இறகிலோ வெளிவிளிம்பு நனைந்துவிட, உடலை ஒட்டிய உட்பகுதி மட்டும் நனையாமல் வெப்பத்தைக் காக்கிறது. நனைந்த இறகுகளுக்கிடையே காற்று அதிகம் தங்காததால் மிதக்கும் தன்மை குறைந்து, பறவையால் எளிதில் மூழ்க முடிகிறது. வேட்டை முடிந்ததும் அது கரையேறி இறக்கைகளை விரித்து உலர்த்துவது இதனால்தான். ஒரே சவ்வால் இணைந்த நான்கு கால்விரல்களும் துடுப்பாக உந்த, கொக்கியாக வளைந்த அலகுநுனி வழுக்கும் மீனைப் பற்றிக்கொள்கிறது.

இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ள பெரிய நீர்க்காகம் நாளொன்றுக்குச் சராசரியாக அரைக் கிலோ மீன் தின்கிறது. செரிக்காத முள்ளையும் எலும்பையும் சளிப்படலம் பொதிந்த உருண்டையாக அது கக்கிவிடுவதால், கூடுகளின் அடியில் கிடக்கும் அவ்வுருண்டைகளே ஆய்வாளர்களுக்கு முதன்மைச் சான்றாகின்றன. ஓர் உருண்டையைப் பிரித்தால், மீனின் உட்செவியில் உடற்சமநிலைக்கு உதவும் சுண்ணாம்புத் துணுக்குகளான செவிக்கற்கள் கிடைக்கும். அவற்றின் வடிவம் மீனின் இனத்தைக் காட்டும். அளவைக் கொண்டு மீனின் நீளத்தையும், அதிலிருந்து வயதையும் மதிப்பிடலாம். பறவை எத்தனை கிலோ தின்றது என்பதைவிட எந்த மீனை எந்த வயதில் தின்றது என்பதே முக்கியமானது என்பதால், கைவிரல் நுனியில் அடங்கும் இக்கல்லின் மதிப்பு பெரிது.

இதற்குத் தெளிவான சான்று வட அமெரிக்காவின் பேரேரிகள். அங்கு வாழும் இரட்டைக் கொண்டை நீர்க்காகம், டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் எச்சம் மீன்வழியே உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலிதாக்கியதால், அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கி, 1970-களின் தொடக்கத்தில் சில நூறு இணைகள்கூட இல்லாத நிலைக்குத் தேய்ந்தது. 1972-இல் அமெரிக்கா அப்பூச்சிக்கொல்லியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. வலசைப் பறவைகளுக்கான சட்டப் பாதுகாப்பும் அதே ஆண்டில் இப்பறவைக்கு நீட்டிக்கப்பட்டது. அளவுமீறிய மீன்பிடிப்பும், கடலிலிருந்து புகுந்த லாம்ப்ரே என்னும் இரத்தம் உறிஞ்சும் தாடையற்ற மீனும் ஏரிகளின் பெரிய வேட்டை மீன்களை ஏற்கெனவே அழித்திருந்தமையால், அயலிலிருந்து வந்த ஏல்வைஃப் போன்ற சிறுமீன்கள் கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தன. மனிதரின் தவறுகளால் விரிக்கப்பட்ட இந்தப் பந்தியில் அமர்ந்த நீர்க்காகம், 2000-ஆம் ஆண்டளவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூடுகளாகப் பெருகியது.

மீனவர்களின் கோபமும் உடன் பெருகியது. ஒன்டாரியோ ஏரியின் லிட்டில் கலூ தீவில் 1998-இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட நீர்க்காகங்கள் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. அச்செயல் கொடியது, ஆயினும் பறவைகளால் மீன்வளம் குறைகிறது என்னும் அதன் பின்னிருந்த முறையீட்டை ஆதாரமற்றதென்று தள்ள இயலாது. பறவை தின்னும் மீன் எப்படியும் வேறொரு காரணத்தால் மடியவிருந்ததே என்னும் வாதம், முதல் ஆண்டுக் குஞ்சு மீன்களைப் பொறுத்தவரை பெரிதும் சரி. இலட்சக்கணக்கில் பொரியும் குஞ்சுகளில் மிகச் சிலவே பிழைக்கின்றன. முதலாண்டின் ஆபத்துகளைக் கடந்து இரண்டு, மூன்று வயதை எட்டிய மீன்களோ பெரும்பாலும் முதிர்ச்சியடையக் கூடியவை. அவற்றை இழப்பது ஏரிக்கு மெய்யான இழப்பு. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியில் வால்ஐ, மஞ்சள் பெர்ச் ஆகிய மீன்களின் சரிவுக்கு, நீர்க்காகங்கள் இத்தகைய இளமீன்களைத் தின்றதே முக்கியக் காரணமென நீண்டகால ஆய்வுகள் காட்டின. லிட்டில் கலூ தீவிலும், சிறுவாய் பாஸ் மீன் பறவைகளின் உணவில் மிகச் சிறு பங்கே எனினும், ஆயிரக்கணக்கான கூடுகளைக் கொண்ட குடியிருப்புக்கு அச்சிறு பங்கே இளமீன்களைக் குறைக்கப் போதுமானதாயிற்று.

அங்கு அதிகாரிகள் கையாண்ட முறை முட்டைகளின் மேல் தாவர எண்ணெய் பூசுவது. எண்ணெய் ஓட்டின் நுண்துளைகளை அடைப்பதால் கரு இறந்துவிடுகிறது. பறவையோ அதை அறியாமல் அடைகாத்துக்கொண்டே இருப்பதால் மறுபடி முட்டையிட முயல்வதில்லை. பின்னர், ரவுண்ட் கோபி என்னும் அயல்நாட்டு உளுவை இன மீன் ஏரியில் பெருகவே, 2004-க்குப் பின் அதுவே பறவைகளின் முதன்மை உணவாகி, பாஸ் மீன்மீதான அழுத்தம் தளர்ந்தது. ஒரே தீவில் அதே பறவை சில ஆண்டுகளுக்குள் வேறொரு விளைவைத் தருமாயின், அதனை நிரந்தரப் பகையாகக் கருதுவது பொருந்தாது. மீன் வளர்ப்புக் குளங்களின் நிலை வேறு: ஒளிய இடமின்றி நெருக்கமாக வளர்க்கப்படும் மீன்களுக்கு நேரும் இழப்பு ஐயத்துக்கிடமற்றது என்பதால், வலை கட்டுவதும் விரட்டுவதும் அங்கு நியாயமானவையே.

நீர்க்காகம் நீரிலிருந்து எடுப்பதை எச்சமாக வேறிடத்தில் சேர்க்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்த எச்சம் ஆண்டுதோறும் ஒரே மரங்களின் கீழ் குவிந்தால் மண் கெட்டு மரங்கள் பட்டுப்போகின்றன. ஈரி ஏரியின் மிடில் தீவில் அரிய காட்டைக் காக்கக் கனடா அரசு 2008 முதல் பறவைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வருவது இக்காரணத்தாலேயே. வெளியேற வழியற்ற சிறு நீர்நிலையில் இதே சத்து பாசியைப் பெருக்கி, நீரின் உயிர்வளியைக் குறைக்கவும் கூடும்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் அதே எச்சம் வயலுக்கு உரமாகிறது. சிறிய நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடி, நீர் சூழ்ந்து நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுவதால், பல நீர்நிலைகளின் சத்து ஓர் ஏரியில் வந்து சேர்ந்து, மதகு வழியே நெல் வயலுக்குப் பாய்கிறது. எச்சம் கலந்த இந்நீரின் அருமையை உணர்ந்திருந்த ஊரார், பறவைகளைச் சுட்ட ஆங்கிலப் படைவீரர்கள்மீது முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர். அவ்வாணை 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. சிறிய நீர்க்காகத்தின் எடை அரைக் கிலோ அளவே என்பதும், பறவைகள் ஒரே ஏரியை நம்பியிராமல் பரந்து மேய்வதும் மீன்மீதான அழுத்தத்தைப் பகிர்ந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்ட வருவது குறைகிறது; அப்போது ஆயக்கட்டுக்கு நீரும் இல்லை, நீரோடு வரும் உரமும் இல்லை.