பழுது பார்க்குமுன் கணக்குப் பார்ப்போம்

புதுச்சேரி நகரின் தமிழர் பகுதித் தெருக்களில் நடப்போர் கண்ணில் படாமல் போகாத வீடுகள் சில உண்டு. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதன் உட்புறம் திண்ணை, வேலைப்பாடு அமைந்த தேக்குக் கதவு, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம் எனக் கீழ்த்தளம் முழுவதும் தமிழ் வீடாக இருக்கும். மேல்மாடியோ வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களுமாகப் பிரெஞ்சுப் பாணியில் விளங்கும். இரு நாகரிகங்கள் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த கதையை இவ்வீடுகள் இன்றும் சொல்கின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. வாரிசுகளுள் ஒருவர் சென்னையில் இருப்பார், மற்றொருவர் பிரான்சு நாட்டில் இருப்பார், வயது முதிர்ந்த தாய் மட்டும் உள்ளறை ஒன்றில் இருப்பார்.

இத்தகைய குடும்பங்களில் இன்றில்லாவிடினும் நாளை எழப்போகும் கேள்வி ஒன்றே: "இதைச் சரிசெய்ய என்ன செலவாகும்?" கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மனிதனைப் பற்றி லூக்கா நற்செய்தியில் வரும் உவமையை நம் வாசகர் அறிவர். புதிதாகக் கட்டுவோனுக்கே அக்கணக்கு வேண்டுமெனில், பழையதைப் புதுப்பிப்போனுக்கு அது எத்துணை இன்றியமையாதது! நாம் பொறியாளர் அல்லோம். எனினும் பழைய கோயில்களையும் பங்கு இல்லங்களையும் பேணும் கடமையில் மேஸ்திரிமாரோடும் தச்சரோடும் பொறியாளரோடும் பழகியதால் தெளிந்த சில செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சதுர அடிக் கணக்கு ஏன் பொய்க்கிறது?

வாசலில் நின்றபடியே வீட்டை ஒரு நோட்டம் விட்டு, "சதுர அடிக்கு இவ்வளவு" என்று கூறிவிடுவது இன்று வழக்கமாகி விட்டது. புது வீட்டுக்கு அம்முறை ஓரளவு பொருந்தலாம். பழைய வீட்டுக்கு அது பொருந்தாது. காரணத்தை ஓர் எளிய கணக்கால் காண்போம்.

15 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 180 சதுர அடி. நான்கு சுவர்களின் மொத்த நீளம் 54 அடி. இக்காலத்து வீட்டில் சுவரின் உயரம் 10 அடி எனில், கதவு சன்னல்களைக் கழிக்காமல், பூச வேண்டிய சுவர்ப் பரப்பு 540 சதுர அடி. பழைய வீட்டில் அதே அறையின் உயரம் 14 அடி எனில் அப்பரப்பு 756 சதுர அடியாகிறது. தரை மாறவில்லை, பூச்சு மட்டும் 216 சதுர அடி கூடிவிட்டது. அவ்வுயரத்தில் வேலை செய்யச் சாரம் கட்டும் செலவு வேறு.

சுவரின் கனமும் அவ்வாறே. 10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள சுவர்ப் பகுதி ஒன்றை இடித்துக் கட்ட நேர்ந்தால், 9 அங்குலச் சுவருக்கு 75 கன அடி கட்டுவேலை போதும். பழைய வீட்டின் 18 அங்குலச் சுவருக்கோ 150 கன அடி வேண்டும். ஆகவே தரைப் பரப்பைக் கொண்டு செலவைச் சொல்பவர் வீட்டைப் பாராமலே சொல்பவர் எனலாம். ஒவ்வோர் அறையையும் அளந்து, பூச்சு, மரம், தளம், தரை, கதவு எனத் தனித்தனியே எழுதுவதே முறை.

முதலில் நீர் வரும் வழியைக் காண்க

பழைய வீட்டின் முதற் பகை நீர். அது எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் போடும் மதிப்பீடு, நோயை அறியாமல் மருந்துக்கு விலை கேட்பதை ஒக்கும். நீர் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. மாடியில் தட்டோடுகள் விரிந்து மழைநீர் கீழே கசியலாம். மழைநீர்க் குழாய் அடைபட்டு நீர் சுவருக்குள் இறங்கலாம். தரையிலிருந்து ஓதம் மேலேறிச் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிரலாம். மேலும், தெருவில் சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதால் ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீடு இன்று தெருவை விடத் தாழ்ந்து கிடப்பதும் உண்டு. அவ்வாறாயின் நீரை வெளியேற்றும் வழிக்கே தனியாக ஒரு தொகை வேண்டியிருக்கும். சுவரில் வண்ணம் பூசுவதால் இவற்றுள் எதுவும் தீராது.

மச்சின் மரங்களை எண்ணுக

இவ்வீடுகள் பலவற்றின் மாடித்தளம், மேஸ்திரிமார் மெட்ராஸ் ஒட்டு என்று கூறும் முறையில் அமைந்தது. மரச்சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். நன்கு பேணினால் தலைமுறைகள் தாங்கும் தளம் இது. இதன் உயிர்நிலை, சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனி. ஓதமும் கரையானும் முதலில் தாக்குவது அவ்விடத்தையே.

மேற்கூறிய அறையில் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டமாக 9 சட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், இருபுறச் சுவரிலும் அமர்வது உட்பட 13 அடி நீளம். ஒன்பதையும் மாற்றினால் 19½ கன அடி மரம் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் நுனியையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, உளியால் குத்திப் பார்த்து, மூன்று மட்டுமே கெட்டுள்ளன எனத் தெரிந்தால் 6½ கன அடி போதும். நுனி மட்டும் கெட்ட சட்டத்துக்கு இரும்புத் தாங்கி கொடுத்துக் காப்பாற்றவும் வழியுண்டு. தேக்கு விற்கும் விலையில் இந்த வேறுபாடு சிறிதன்று. அரை நாள் ஏணிமேல் நின்று பார்க்கும் உழைப்பு, மூன்றில் இரு பங்கு மரச் செலவை மிச்சப்படுத்திவிடும்.

சுண்ணாம்பா, சிமெண்டா?

பழஞ்சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. அவை உள்ளிழுத்த ஈரத்தை மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்டுப் பூச்சு போடும்போது அவ்வழி அடைபடுகிறது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் சில ஆண்டுகளில் பூச்சையே பெயர்த்துத் தள்ளிவிடும். கடற்கரை நகரில் இது இன்னும் விரைவாக நிகழும். சுண்ணாம்பு வேலைக்குக் கூலி மிகுதி, நாளும் மிகுதி. அதை அறிந்த கொத்தனாரும் இன்று குறைவு. ஆயினும் மலிவென்று போட்ட பூச்சை மறுமுறை போட நேர்ந்தால் இரட்டைச் செலவு அன்றோ? மதிப்பீட்டில் சுண்ணாம்புப் பூச்சைத் தனி வரியாகவே எழுதச் சொல்லுங்கள்.

மறைந்திருப்பதற்கு ஒரு தொகை

எவ்வளவு அளந்தாலும் பழைய வீடு தன் குறைகளை முழுவதும் காட்டிவிடாது. எனவே வேலையைத் தொடங்குமுன் சிறிது செலவிட்டு, ஐயமுள்ள இரண்டு மூன்று இடங்களில் பூச்சைப் பெயர்த்தும், மாடியின் ஒரு மூலையில் தட்டோட்டை எடுத்தும் பார்த்துவிட வேண்டும். அதன் பின்னரும் மதிப்பீட்டில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை தனியே ஒதுக்குவது அறிவுடைமை. 10 இலட்ச ரூபாய் மதிப்பீடு எனில், கையில் 12 இலட்சமாவது இல்லாமல் கடப்பாறையை எடுக்கலாகாது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் 10 இலட்சத்தில் முடியும் என்று ஒருவர் வாய்ச்சொல்லாகக் கூறியதை நம்பிப் பிள்ளைகள் பணம் சேர்த்தனர். கூடத்துக்குப் புதுத் தரை, தெருப்பக்கம் வண்ணம், இரும்புக் கதவு எனப் பாதிப் பணம் முதலிலேயே கரைந்தது. பின்னர்ச் சமையலறை மச்சைத் திறந்தபோது சட்டங்கள் யாவும் கரையான் தின்ற கூடாகக் கிடந்தன. வேலை நின்றது. கணக்குக் கேட்ட தம்பியோடு அண்ணன் பேசுவதை நிறுத்தினார். சந்திக்கச் சென்ற நம்மிடம் அத்தாய், "சாமி, வீட்டைப் பழுது பார்க்கப் போய்ப் பிள்ளைகளைப் பழுதாக்கிக்கொண்டேன்" என்றார். அவ்வீட்டில் பணம் குறைந்தது பின்னர் நேர்ந்தது. முதலில் குறைந்தது எழுதப்பட்ட கணக்கு.

மூன்று பட்டியல்கள்

ஆதலின் மதிப்பீட்டை மூன்றாகப் பிரித்து எழுதுமாறு வேண்டுகிறோம். முதற் பட்டியல், செய்யாவிடில் வீடு விழும் வேலைகள்: மாடித்தளம், நீர் வடிகால், கெட்ட சட்டங்கள், வெடித்த சுவர், சுவரைப் பிளக்கும் மரக்கன்றுகளை வேரோடு அகற்றல். இரண்டாவது, வாழ்வதற்கு வேண்டியவை: மின்கம்பி, குடிநீர், கழிவறை. மரப்பட்டியில் ஓடும் பழைய மின்கம்பியை ஈரச் சுவரில் விட்டுவைப்பது உயிருக்கே கேடு. மூன்றாவது, காத்திருக்கக் கூடியவை: தரை, வண்ணம், அழகு வேலை. பணம் குறையும் எனில் மூன்றாம் பட்டியல் காத்திருக்கட்டும்.

இவற்றோடு, மதிப்பீட்டில் எழுத மறந்துவிடும் சில செலவுகளும் உண்டு. இடிபாடுகளை அள்ளும் லாரிக் கூலி, வேலை நடக்கும் மாதங்களுக்கு வேறு வீட்டு வாடகை, நகரமைப்பு அனுமதி, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை அவை. மறுபுறம், கழற்றும் நல்ல தேக்கும் பழஞ்செங்கல்லும் வரவாகும். அவற்றைக் குப்பையோடு போகவிடாமல் எண்ணி வைக்க வேண்டும்.

காலமும் கணக்கில் சேரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தை, மாசியில் தொடங்கினால் மழைக்கு முன் மாடியை மூடிவிடலாம். புரட்டாசியில் தட்டோட்டைப் பெயர்ப்பவர் மழையையே வீட்டுக்குள் அழைக்கிறார். அம்மழையின் வலிமைக்குச் சான்று தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, பேணுவாரின்றிக் கிடந்த புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பரில் பெய்த பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. அதே வடிவில் புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அரசுக்கு அவ்வாறு மீண்டும் எழுப்ப இயலும். நம் குடும்பங்களுக்கு இயலுமா?

குடும்பம் கூடிக் காணும் கணக்கு

அளந்து எழுதிய ஒரே பட்டியலை மூன்று மேஸ்திரிகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை எழுதித் தரக் கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். முடிந்த வேலையை அளந்து அதற்குரிய பணத்தைக் கொடுங்கள். யாவற்றினும் மேலாக, அம்மதிப்பீட்டின் படி ஒன்று ஒவ்வொரு வாரிசுக்கும், வெளிநாட்டில் இருப்பவருக்கும், மணமாகிப் போன மகளுக்கும் சென்று சேரட்டும். பணம் தருவோர் எவ்வளவு தருகிறார், அது அன்பளிப்பா, கடனா, பங்கில் கழிப்பதா என்பதும் அதே தாளில் எழுதப்படட்டும். உடன்பிறந்தோரிடையே எழுத்து எதற்கு என்பர் சிலர். உடன்பிறப்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்து.

உதவிக்கும் வழி தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2000களின் தொடக்கத்தில் புதுச்சேரியின் வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டபோது, வீட்டு உரிமையாளரும் செலவில் பங்கேற்றனர். பழமை காக்கும் பணியில் ஈடுபட்டுள்ள இன்டாக் அமைப்பு அவ்வேலையை நடத்தியது. பணம் கிடைக்காவிடினும், அத்தகையோரிடம் நல்ல ஆலோசனையாவது கிடைக்கும்.

நேர்மையான மதிப்பீடு சில வேளைகளில் "நம்மால் இயலாது" என்றே விடை தரும். அதனால் தலைகுனிய வேண்டுவதில்லை. தாய் இருக்கும் பகுதியை மட்டும் காத்து மற்றதைப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கலாம். அல்லது இடிக்காமல் பேணும் மனமுள்ளவருக்கு முழு வீடாக விற்கலாம். பாதியில் நின்ற வேலையையும் பகையையும் விட இவ்விரண்டும் மேலானவை.

அன்பு வாசகர்களே, உங்கள் குடும்பத்துக்கு அத்தகைய வீடு ஒன்று இருப்பின், அடுத்து வரும் விடுமுறையில் எல்லோரும் கூடும்போது ஓர் அளவுநாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாடிக்கு ஏறுங்கள். நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அதை முதல் வரியாக எழுதுங்கள்.