கமலா சோஹோனி

கமலா சோஹோனி (1911 – 1998) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். உணவிலுள்ள புரதங்கள், உயிர்ச்சத்துகள் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று இவரைக் குறிப்பிடுவதுண்டு. ஆயினும் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931 இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுவிட்டதால் இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

அனுமதி மறுப்பு

1933 இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற கமலா, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர விண்ணப்பித்தார். இவருடைய தந்தையும் தந்தையின் உடன்பிறந்தாரும் அங்கு பயின்ற வேதியியலாளர்கள். இவரது மதிப்பெண்களிலும் குறையில்லை. ஆனால் அப்போது கழகத்தின் இயக்குநராக இருந்த சி. வி. இராமன், பெண் என்பதால் விண்ணப்பத்தை நிராகரித்தார். கமலா நேரில் சென்று காரணம் கேட்டார். சத்தியாகிரகம் செய்யவும் முற்பட்டார். இறுதியில் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது.

முதல் ஓராண்டுக்கு அவர் முறையான மாணவராகக் கருதப்படமாட்டார். ஆய்வின் தரம் இயக்குநருக்கு நிறைவளித்தால் மட்டுமே அது ஏற்கப்படும். ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதற அவர் காரணமாக இருத்தல் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கும் ஆய்வுத் திறனுக்கும் தொடர்பில்லை என்பது வெளிப்படை. பிறர் நடத்தைக்கான பொறுப்பும் அவர் மீதே சுமத்தப்பட்டது.

சீனிவாசய்யாவின் வழிகாட்டலில் பால், பருப்பு வகைகளின் புரதங்களை ஆய்ந்தார். ஓராண்டு முடிவில் இராமன் இவரை முறையான மாணவராக ஏற்றார். அதன் பின்னர் அக்கழகத்தில் பெண்களுக்கு இடமளிக்கப்பட்டது.

ஆய்வுகள்

1936 இல் முதுநிலைப் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். உயிரணுக்கள் சுவாசிக்கும்போது எதிர்மின்னிகளைக் கடத்தும் புரதம் சைட்டோகுரோம் சி. உருளைக்கிழங்கில் ஆய்வு செய்த கமலா, தாவரங்களின் சுவாசத்திலும் இதற்குப் பங்குண்டு எனக் காட்டினார். 1939 இல் முனைவர் பட்டம் பெற்ற இவருடைய ஆய்வேடு ஏறத்தாழ 40 பக்கங்களே கொண்டது.

நாடு திரும்பி, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைத் தலைவரானார். பின்னர் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் துணை இயக்குநராக உயிர்ச்சத்துகளை ஆய்ந்தார். அந்த ஆய்வகம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

1947 இல் திருமணத்துக்குப் பின் மும்பையில் பேராசிரியரானார். அங்கு புளிக்காத பனைச் சாறான நீராவை ஆய்ந்து, அதில் உயிர்ச்சத்துகளும் இரும்புச்சத்தும் இருப்பதைக் கண்டறிந்தார். (தமிழ்நாட்டில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரும் இத்தகையதே.) ஊட்டக்குறைவுள்ள பழங்குடிப் பதின்வயதினருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது பயனளிப்பதை இவருடைய குழுவின் ஆய்வுகள் காட்டின. இப்பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது பெற்றார்.

பிற்காலம்

மும்பை அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி, தகுதியிருந்தும் இவருக்குச் சில ஆண்டுகள் தாமதமாகவே கிடைத்தது. 1998 இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புது தில்லியில் நடத்திய பாராட்டு விழாவில் மயங்கி விழுந்து, பின்னர் காலமானார். அவ்விழாவுக்கு ஏற்பாடு செய்தவர் ஜி. வி. சத்தியவதி, அக்கழகத்தின் முதல் பெண் தலைமை இயக்குநர்.