ப்ராசஸரை மாற்றலாமா, பொறுக்கலாமா?

மேசைக் கணினியில் ராம், ஹார்டு டிஸ்க் போல ப்ராசஸரையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். மடிக்கணினியில் இது அநேகமாக முடியாது. அங்கே ப்ராசஸர் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேசைக் கணினியிலோ அது சாக்கெட் என்ற சதுர இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. சிறு நெம்புகோலைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். இந்த வசதி இருப்பதால்தான், கணினி கொஞ்சம் திணறத் தொடங்கியதும் புது ப்ராசஸர் போடுவதா, அடுத்த தலைமுறை வரும்வரை பொறுப்பதா என்ற கேள்வி எழுகிறது. கேட்கும்போது ப்ராசஸரைப் பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும். விடை பெரும்பாலும் அதன் கீழே இருக்கும் சாக்கெட்டில் கிடைக்கிறது.

அதற்கு முன்னால், தாமதத்துக்குக் காரணம் ப்ராசஸர்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் பழி அதன் மேல் வீணாக விழுகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி கலந்து எடுத்து வந்த பிறகும் கணினி விழிக்கவில்லை என்றால், குற்றவாளி சுழலும் ஹார்டு டிஸ்க். அந்தக் கணினிக்கு எவ்வளவு விலையுயர்ந்த ப்ராசஸரைப் போட்டாலும் பயனில்லை. ஹார்டு டிஸ்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போதும். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்ததும் எல்லாம் உறைந்துபோனால் ராம் போதவில்லை என்று பொருள். இந்த இரண்டுமே ப்ராசஸரைவிட எளிதில் தீரும் குறைகள்.

உண்மையை அறிய விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகத் திணறும் வேலையை ஓடவிட்டு, அதில் ப்ராசஸரின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்தப் பயன்பாடு பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, ஆகவே ப்ராசஸர் சும்மா இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) கொண்ட ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதமாகத்தான் தெரியும். வரைபடத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிக் கட்டமாக மாற்றிப் பார்த்தால் கதை வெளிப்படும். மற்றவை தரையில் கிடக்க ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் மாறிமாறி உச்சிக்குப் போகின்றனவா? அப்படியானால் அந்த வேலைக்கு வேண்டியது வேகமான கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு); கூடுதல் கோர்கள் அல்ல. எல்லாக் கட்டங்களும் சேர்ந்து உச்சியில் நின்றால், கோர்களின் எண்ணிக்கையே போதவில்லை.

கணினி விளையாட்டுகளுக்கு வேறொரு சோதனை உண்டு. திரையின் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்ட வேண்டும். நொடிக்கு ஓடும் பிரேம்கள் கூடினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. கூடவில்லை என்றால் கார்டு காத்திருக்கிறது, ப்ராசஸர் பின்தங்குகிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை என்றாலும் ப்ராசஸர் வாங்கியவர்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் குறைவு.

கோர்களைப் பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு அது. பத்து நிமிட வேலையில் பாதியைத்தான் பகிர்ந்து செய்ய முடியும் என்றால், எத்தனை கோர்கள் இருந்தாலும் மீதி ஐந்து நிமிடம் குறையாது. வீடியோ மாற்றுவது, முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குவது போன்றவை நன்றாகப் பங்குபோடக்கூடிய வேலைகள். கடிதம் தட்டுவதும் கணக்குத் தாள் நிரப்புவதும் அப்படியல்ல.

ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே வேக வித்தியாசம் எவ்வளவு? காலத்துக்குக் காலம் இது மாறியிருக்கிறது. பென்டியம் 4 ப்ராசஸரை 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது. வெப்பம் அதற்கு மேல் விடவில்லை. அதுவரை கிகாஹெர்ட்ஸ் ஏறுவதைப் பார்த்தே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எளிய அளவுகோல் போய்விட்டது. பிறகு 2011 ஜனவரியில் வந்த ஐ7-2600கே முதல் 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே வரை ஆறு ஆண்டுகள், இன்டெலின் வழக்கமான மேசைக் கணினி வரிசையின் உச்சியில் நான்கு கோர், எட்டு த்ரெட் என்ற எண்ணிக்கை அசையவே இல்லை. அந்தக் காலத்தில் பொறுத்திருந்தவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசனைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலும் ஆறு கோர்களுக்கு ஏறியது. ஆறு ஆண்டுத் தூக்கம் ஏழு மாதத்தில் கலைந்தது.

சாக்கெட்டில் இந்த இரு நிறுவனங்களின் போக்கும் வேறு. எல்ஜிஏ1151 சாக்கெட்டில் இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைகள் ஒரே போர்டில் ஓடின. எட்டாம் தலைமுறையும் அதே பெயர், அதே எண்ணிக்கைத் தொடர்புமுனைகளோடு வந்தது. ஆனால் பழைய போர்டில் ஓடாது, புதுப் போர்டு வேண்டும் என்றார்கள். அடுத்து எல்ஜிஏ1200-இல் இரண்டு தலைமுறை, எல்ஜிஏ1700-இல் மூன்று, 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851. ஆகவே பழைய இன்டெல் போர்டு வைத்திருப்பவருக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றும் வாய்ப்பு குறுகலானது. ஐ5-இலிருந்து ஐ7-க்கு, ஒன்றிரண்டு தலைமுறை முன்னால், அவ்வளவுதான்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிக நல்ல எடுத்துக்காட்டு. 2017-இல் பி350 போர்டும் ரைசன் 5 1600-உம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். அவருடைய அதே போர்டில் 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு வெளிவந்த ரைசன் 5 5600 ஓடும். இதற்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதே 65 வாட். காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இடையில் மூன்று முறை உள்வடிவமைப்பு திருந்தியிருக்கிறது. ஒரே கிகாஹெர்ட்ஸில் செய்யும் வேலை இரண்டாவது திருத்தத்தில் சுமார் 15 சதவீதமும் மூன்றாவதில் சுமார் 19 சதவீதமும் கூடியதாக ஏஎம்டியே சொன்னது. உச்ச வேகமும் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஆயிற்று. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோரும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். 1600-இல் இரு கூறாகப் பிரிந்து கிடந்த 16 எம்பி கேஷ், 5600-இல் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான 32 எம்பியாக மாறியது. கேஷ் என்பது சமையல் மேடையில் கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டி மாதிரி; ராம் பக்கத்து அறை அலமாரி. அஞ்சறைப்பெட்டி பெரிதானால் எழுந்து போகும் நடை குறையும். அதே ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இந்த வழியிலேயே இன்னும் போய், சில்லின் மேல் இன்னொரு கேஷ் அடுக்கை ஏற்றி 96 எம்பி ஆக்கியது. விளையாட்டுகளில் அது தன்னைவிடப் புதிய ப்ராசஸர்கள் பலவற்றோடு சரிக்குச் சரி நின்றது.

பழைய போர்டிலேயே புதியதைப் போடும் இந்த வாய்ப்பு சும்மா வந்துவிடவில்லை. கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பழைய போர்டுகளின் சில்லில் இருந்த 16 எம்பி இடத்தில் எல்லாத் தலைமுறைகளுக்கும் வேண்டிய தகவலை அடைக்க முடியவில்லை. 2020-இல், புதிய 5000 வரிசை 400 வரிசைப் போர்டுகளில்கூட ஓடாது என்றே ஏஎம்டி முதலில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் மனம் மாறியது. பி350 உள்ளிட்ட 300 வரிசைப் போர்டுகளுக்கு 2022-இல்தான் கதவு திறந்தது. கத்தினால்தான் கிடைக்கும் என்பது கணினி உலகிலும் பொருந்தும் போலிருக்கிறது.

மாற்றும் வேலைக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் புதியதைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் திரை கறுப்பாகவே நிற்கும். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டே பாழாகலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. சில போர்டுகளில் புதிய பயாஸ் ஏறியதும் மிகப் பழைய ப்ராசஸர்களுக்கான ஆதரவு போய்விடும் என்பதையும் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. ஐந்தாண்டு காய்ந்த தெர்மல் பேஸ்ட் கூலரையும் ப்ராசஸரையும் பசைபோட்ட மாதிரி ஒட்டிவைத்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். அதனால் சிறிது நேரம் கணினியை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிப் பிடி தளர்ந்த பிறகே தூக்க வேண்டும்.

சாக்கெட்டில் இனி ஏற இடமில்லை என்றால் கணக்கு முற்றிலும் வேறு. ப்ராசஸரோடு போர்டு, பழைய டிடிஆர்4-க்குப் பதில் டிடிஆர்5 ராம், சில வேளை கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும்கூட. இது மாற்றம் என்ற பெயரில் வாங்கும் புதுக் கணினி. ராம் விலை நிலையாகவும் இருப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025-இன் கடைசி மாதங்களில் அது கடுமையாக ஏறியது. ப்ராசஸர் விலை இறங்கட்டும் என்று பொறுத்திருந்தவருக்கு ராம் விலை ஏறிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே இந்தப் பெரிய செலவைச் செய்யும்போது, இன்றைய வேகத்தைப் போலவே சாக்கெட்டின் மிச்ச ஆயுளையும் பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

இனி பொறுப்பதைப் பற்றி. வரப்போகும் புதியதற்காக இருப்பதை வாங்காமல் நிற்கும் மனநிலைக்குக் கணினித் துறையில் ஆஸ்போர்ன் விளைவு என்று பெயர். பெயருக்கு உரிய ஆடம் ஆஸ்போர்ன் தமிழ்நாட்டுக்கு அந்நியரல்ல. பாங்காக்கில் பிறந்தவர், தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார் என்பதால் திருவண்ணாமலையில் வளர்ந்தவர், 2003-இல் கொடைக்கானலில் காலமானார். 1981-இல் 1,795 டாலருக்கு அவர் விற்ற ஆஸ்போர்ன் 1, சுமார் 11 கிலோ எடையுள்ள, கையில் தூக்கிச் செல்லும் கணினி. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அடுத்த மாடல்களைப் பற்றிப் பேசிவிட்டார். வாங்க நினைத்தவர்கள் நின்றுவிட்டார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. காரணம் அது மட்டுமல்ல, போட்டியாளர்களும்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பெயர் நிலைத்துவிட்டது.

பொறுமை பலன் தருவதும் உண்டு, தராமல் போவதும் உண்டு. 2022 செப்டம்பரில் ஏஎம்5 வந்தபோது அதன் மிக மலிவான ப்ராசஸரே 299 டாலர். நான்கு மாதம் கழித்து, கிட்டத்தட்ட அதே வேகத்தில், கூலரோடு சேர்த்தே 229 டாலருக்கு ரைசன் 5 7600 வந்தது. மறுபக்கம், 2024 இலையுதிர்காலம் வரை இன்டெலின் புதிய கோர் அல்ட்ராவுக்காகக் காத்திருந்த விளையாட்டுப் பிரியர்களுக்கு, பல விளையாட்டுகளில் முந்தைய தலைமுறையைவிடப் பின்தங்கிய ப்ராசஸர்தான் கிடைத்தது. இவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது. தேதியோடு அறிவித்துவிட்ட பொருளுக்காகச் சில வாரமோ சில மாதமோ பொறுப்பது நியாயம். புதியது மோசமாக இருந்தாலும் பழையதன் விலை அப்போது அசையக்கூடும். வதந்தியில் மட்டும் இருக்கும் பொருளுக்காக ஓராண்டு பொறுப்பது வீண். அதற்குப் பின்னாலும் இன்னொரு வதந்தி நிற்கும்.

சில நேரம் காலக்கெடுவை ப்ராசஸர் நிறுவனம் அல்லாமல் வேறொருவர் வைக்கிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையும் ரைசன் 2000 வரிசையும் தொடங்கி அதற்கு மேற்பட்டவையே பெரும்பாலும் இருக்கின்றன. மேலே சொன்ன 1600 நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதில் இடம் பெறவில்லை. வேகத்துக்காக அல்லாமல் பாதுகாப்புக்காக மாற்ற வேண்டிய கட்டம் இது.

பழைய ப்ராசஸரை வாங்குவது பொதுவாகத் துணிந்து செய்யக்கூடியது. அதில் தேய்வதற்கு அசையும் பாகம் எதுவும் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசஸர்களில் மேல்வரிசையில் உள்ளவை அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைவது 2024-இல் உறுதியானது. அந்த ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியாது. வெளியே பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை உத்தரவாதம் மிச்சமிருந்தால் மட்டும் வாங்கலாம். இன்னொன்று, ஒரு சாக்கெட்டின் கடைசி உச்ச ப்ராசஸர் பழையதாகியும் எளிதில் மலிவாகாது. ஐ7-7700கே பல ஆண்டுகள் விலை இறங்காமல் நின்றது, அந்தப் போர்டு வைத்திருந்த எல்லோரும் அதையே தேடியதால். பல நேரம் உச்சிக்கு ஒரு படி கீழே இருப்பதே கொடுத்த காசுக்குத் தகும்.

பி350 போர்டில் 1600 வைத்திருப்பவர் இனியும் பொறுக்கக் காரணம் இல்லை, 5600-க்கு மாறலாம். 5600 வைத்திருப்பவர், அன்றாட வேலை எதுவும் தடைபடாதவரை, இன்னும் ஓரிரு ஆண்டு கணினிப் பெட்டியைத் திறக்காமலே இருக்கலாம்.