மரக்காணம் உப்பில் துருப்பிடிக்கும் குட்டி டிராலி

கையை நீட்டுங்கள். உங்கள் உள்ளங்கையில் நான் வைக்கப்போவது ஒரு ரயில் வண்டி! எஞ்சின் இல்லை, கூரை இல்லை, பயணச்சீட்டு வாங்கி யாரும் இதில் ஏறியதில்லை. நாலு சக்கரம், பலகைத் தளம், ஒரு பெஞ்சு, ஒரு குடை. தண்டவாளத்தைச் சோதித்துப் பார்க்க ரயில்வேக்காரர்கள் போய்வரும் தள்ளு டிராலி இது. நீளம் இரண்டு சென்டிமீட்டர். ஆரோவிலில் என் வேலைமேசையில் இது எப்படிப் பிறக்கிறது என்பதை இன்று ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறேன். மூச்சை மட்டும் மெதுவாக விடுங்கள், குடை பறந்துவிடும்.

மாடல் ரயில் பிரியர்களில் முக்கால்வாசிப் பேர் நீராவி எஞ்சினைத் தேடிப் போவார்கள். எனக்கோ டிராலிமேல்தான் பித்து. எக்ஸ்பிரஸ் பறக்கிற பாதையை அடி அடியாகக் கண்ணால் தடவிப் பார்த்தவர்கள் இதில்தான் போனார்கள். போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிடத் தோதான வண்டி ஏது? இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் இதற்கு அழகான இலக்கணம் உண்டு. நாலு பேர் சேர்ந்து பாதையிலிருந்து அப்படியே தூக்கி வெளியே வைக்க முடிந்தால் அது டிராலி. அதைவிடக் கனமாக இருந்தால் லாரி. ரயில் வருவதற்குள் தூக்கி ஓரம் வைத்தாக வேண்டுமே! நாலு பேரின் தோள்பலத்தை வைத்து எடையை வரையறுத்த வண்டி. அதைக் குட்டியாகச் செய்யும் ஆசையை நான் எப்படி அடக்குவேன்?

சுவிஸ் தண்டவாளத்தில் நம்ம ஊர் டிராலி

துருவுக்கு உப்பு தரும் மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. அதனால் பக்கத்து விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையை எடுத்துக்கொண்டேன். 1879-இல் திறந்த பாதை அது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று ஊர் ஊராகப் போகும். இன்று அது அகலப்பாதை. என் மேசையில் அதன் மீட்டர் கேஜ் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

இங்கே ஒரு குட்டிக் கணக்கு. என் மாடலின் அளவு 1:87. அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், பொருந்தாது. மீட்டர் கேஜை வகுத்துப் பாருங்கள், 11.5! சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ் என்பதால், அதன் ரசிகர்களுக்காக 12 மில்லிமீட்டர் மாடல் தண்டவாளம் செய்து விற்கிறார்கள். வித்தியாசம் வெறும் அரை மில்லிமீட்டர். ஆல்ப்ஸ் மலைக்காகப் பிறந்த தண்டவாளத்தைச் சின்னபாபுசமுத்திரத்துப் பனைமரங்களுக்கு நடுவே போட்டிருக்கிறேன். மேடு எழுப்பியது ஆரோவில் செம்மண்ணைச் சலித்து!

சக்கரத்துக்குள் ஒரு ரகசியம்

இனி உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே முடி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தெரிகிறதா? மாடல் பாதையில் இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடுகிறது. பித்தளை அச்சு இரண்டையும் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். அதைத் தடுக்கத்தான் இந்த வளையம்.

இதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் என்னவென்றால், நிஜ டிராலியிலும் இதே காப்பு உண்டு! தானியங்கி சிக்னல் உள்ள இடங்களில் தண்டவாளங்களில் மெல்லிய மின்சாரம் ஓடும். ரயிலின் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் இணைத்ததும் அங்கே வண்டி நிற்பது சிக்னலுக்குத் தெரிந்துவிடும். டிராலியும் அப்படி இணைத்தால், போகிற இடமெல்லாம் சிக்னல் சிவப்பாகும். அதனால்தான் காப்பு. ஆனால் அதன் விளைவை யோசியுங்கள். பாதையில் டிராலி இருப்பதே சிக்னலுக்குத் தெரியாது! அதில் போகிறவர்களைக் காப்பது நேர அட்டவணையும், சிவப்புக் கொடியும், தங்கள் கண்ணும் காதும்தான். இந்த வளையத்தைப் பொருத்தும்போதெல்லாம் அந்த மனிதர்கள்மேல் எனக்கு மரியாதை ஏறுகிறது.

வந்தது உப்பு!

நான் காத்துக்கொண்டிருந்த கட்டம் இதுதான். கடலோரப் பாதைகளில் உப்புக்காற்று தண்டவாளத்தின் அடிப்பாகத்தையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் அரிக்கும். ஊழியர்கள் கிரீஸ் பூசி அதோடு மல்லுக்கு நிற்பார்கள். அந்தத் துருவை என் டிராலியின் சட்டத்தில் கொண்டுவர உதவுவதும் உப்புதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவித்திருப்பார்களே, அதே கல்லுப்பு!

முதலில் சட்டம் முழுக்கத் துரு நிறம் அடித்து, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு தண்ணீரால் லேசாக ஈரமாக்கி, துரு தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் உப்பைத் தூவ வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் அசல் நிறத்தை ஸ்பிரே செய்ய வேண்டும். கடைசியில் ஈர பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிரும், கூடவே அதன்மேல் இருந்த பெயின்டும் உதிரும். அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும்! எந்தத் தூரிகையாலும் வரைய முடியாத ஒழுங்கற்ற ஓரங்கள். பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

உப்பை அப்படியே போடக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் கல் ஒன்று நிஜ அளவில் 17 சென்டிமீட்டர் திட்டாகிவிடும். அம்மியில் பொடித்து, 0.3 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் திட்டு இரண்டரை சென்டிமீட்டர். அதுதான் கண்ணை ஏமாற்றும் அளவு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மிச்சமிருக்கும் உப்பு பித்தளையை நிஜமாகவே அரிக்க ஆரம்பித்துவிடும்!

எஞ்சின் இல்லாமல் ஓடுவது எப்படி?

குடைக்கு மெல்லிய டிஷ்யூ காகிதம், கம்பிகளுக்குச் செப்பு இழை. பெஞ்சுப் பலகைகள் உப்புத்தாளில் தேய்த்து இளைத்த தீக்குச்சிகள். தள்ளுகிற இரண்டு டிராலிமேன்கள் 19 மில்லிமீட்டர் உயரம். நிஜ டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுவார்கள், வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். அந்த ஓட்டத்தை நான் விட்டுவிடுவேனா? இருவர் கைகளும் டிராலியோடு ஒட்டியிருக்கின்றன. பாதங்கள் மயிரிழை உயரத்தில் தண்டவாளத்தைத் தொடாமல் மிதக்கின்றன.

இனி மேசைக்கு அடியில் குனியுங்கள்! அங்கே பல்சக்கரப் பட்டை ஒன்று சுற்றுகிறது, அதன்மேல் ஒரு காந்தம். மேலே டிராலியின் கருவிப்பெட்டிக்குள் அதன் ஜோடி. பித்தளைச் சக்கரமும் நிக்கல்–செம்புக் கலவைத் தண்டவாளமும் காந்தத்துக்கு இழுபடாததால் வண்டி தடையில்லாமல் நகர்கிறது. ஸ்விட்சைப் போடுகிறேன், பாருங்கள்... போகிறது! இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓட, குடை நிழலில் ஒருவர் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தபடி வில்லியனூரை நோக்கிப் போகிறார்!

உங்கள் வீட்டு மாடல் பாதையிலும் எக்ஸ்பிரஸ் ஓடுகிறதா? அதற்கு முன்னால் இப்படி ஒரு டிராலியை அனுப்பிவையுங்கள். பாதையைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால்தான் அது முழுமையான ரயில்வே. சிவப்புக் கொடி மட்டும் மறக்கவே கூடாது!