பொதிகையின் மேற்குச் சாரல்

பொதிகை என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் உள்ளத்தில் அகத்திய முனிவரும், பொருநையாறும், தென்றலும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு. பாபநாசம் அம்மலையின் அடிவாரம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அம்மலைக்கு மேற்குச் சாரல் ஒன்று உண்டென்பதும், அது திருவனந்தபுரத்திற்கு மிக அண்மையில் உள்ளதென்பதும் நம்மவருள் பலர் நினைவில் இருப்பதில்லை. மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர் பலர் விடுமுறையில் நாகர்கோவிலுக்குப் புகைவண்டியில் செல்லும்பொழுது திருவனந்தபுரத்தைக் கடந்தே செல்கின்றனர். அங்கு ஒரு நாள் தங்கினால் இச்சாரலைக் கண்டு வரலாம்.

நகரிலிருந்து காட்டாக்கடை வழியாகப் பஸ்ஸில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் நெய்யாறு அணையை அடையலாம். காட்டாக்கடை மலையோரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் சந்தையாக விளங்கும் ஊர். அதனைக் கடந்ததும் வழியின் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்களும், மரவள்ளியும் வாழையும் வளர்ந்த கொல்லைகளும் தொடர்ந்து வரும். பின்னர் மலைகள் சூழ்ந்த ஏரி ஒன்று கண்ணெதிரே விரியும்.

இந்த ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. நெய்யாற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையினால் தேங்கிய நீரே இது. வானம் தெளிந்த நாளில், ஏரிக்குக் கிழக்கே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடம் தெரியும். நாம் பொதிகை எனப் போற்றும் மலையின் முடி அதுவே. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகங்களை இம்மலை தடுத்து மழையாக்குகிறது. மேற்குச் சரிவில் விழும் நீர் நெய்யாறாகிப் பூவாற்றில் கடலிற் கலக்கிறது. கிழக்குச் சரிவின் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையின் வயல்களை விளைவிக்கிறது.

மலையின் இரு பக்கங்களிலும் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1987-இல் இங்கு ஆய்வுக்கு வந்த அறிவியலார், உடன் வந்த காணிக்காரர் மலையேறுகையில் ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதனால் கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணிக்காரருக்கு எனவும் முடிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு அளிக்கப்பெற்றதற்கு உலகெங்கும் இது முன்மாதிரியாக எடுத்துக் காட்டப்படுகிறது.

ஏரியைக் காண்போர் அதன் நீர் பற்றிய வழக்கையும் அறிதல் நன்று. அணை திட்டமிடப்பெற்ற காலத்தில் விளவங்கோடு திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தது. ஆகவே இடது கரைக் கால்வாய் அப்பகுதி வயல்களுக்கும் பாயுமாறு அமைக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. அதன் பின்னும் நெடுங்காலம் நீர் வந்தது. 2004-இல் அது நின்றது. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கால்வாயைத் திட்டமிட்டபொழுது எல்லைக் கோடு இல்லை. கோடு வந்தபின் கடைமடை உழவர் வேறொரு மாநிலத்தவர் ஆயினர். தம் ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு அவர்தம் நிலை விளங்காமற் போகாது.

ஏரியில் வனத்துறையினர் படகு விடுகின்றனர். நீரில் இறங்குதல் கூடாது, முதலைகள் உண்டு. அருகிலுள்ள கோட்டூர்க் காப்புக்காட்டில் யானைகள் காப்பகம் ஒன்றும் இருக்கிறது. அகத்தியர் கூடத்தின் உச்சிக்கு ஏற விரும்புவோர் விதுரைக்கு அப்பாலுள்ள போணக்காட்டிலிருந்து புறப்பட வேண்டும். சனவரியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டுமே வனத்துறை அனுமதி வழங்கும். 2019 முதல் பெண்களும் ஏறி வருகின்றனர். மூன்று நாள் நடையாதலால் உடல் வலிமை வேண்டும். அஃதில்லாதார் அணையின் மீது நின்று அம்முடியைக் கண்டு திரும்பினும் போதும். அதற்கு அப்பால் இருப்பது அம்பாசமுத்திரத்துச் சீமை என்பதை மட்டும் உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம்.