மூன்று கார் அகலம்

சென்னை அண்ணா சாலையில் பஸ் கண்டக்டருக்கு அந்த இடம் இன்னும் வெறும் ‘ஸ்பென்சர்’தான். 1895-இல் அங்கே எழுந்த கடை மாளிகை 1980களின் தொடக்கத்தில் தீயில் போனது. அதே மனையில் கீழே கடைகளும் மேலே அலுவலகங்களுமாக வந்ததுதான் இப்போதைய ஸ்பென்சர் பிளாசா.

இதை இடித்து, வீடுகளையும் சேர்த்துக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் முதல் கோட்டை இழுப்பது கார். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று கார் என்றால் ஏழரை. தூணின் தடிமனோடு எட்டைத் தாண்டும். அடித்தளத்தில் ஊன்றிய தூண் நேராக மேலேதானே போகும்? கடைக்கு அந்த இடைவெளி வசதி. அலுவலகத்துக்கும் குறையில்லை. வீட்டுக்குள் வந்ததும் வம்பு: மூன்றரை மீட்டர் படுக்கையறையில், கட்டில் போட வேண்டிய இடத்தில் தூண் நிற்கும்.

அதனால் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு தளத்தையே தியாகம் செய்வதுண்டு. அங்கே உத்தரங்கள் சில சமயம் ஆள் உயரம் இருக்கும். மேலிருந்து வரும் சுமையை வாங்கி, பக்கவாட்டில் கடத்தி, கீழுள்ள தூண்களிடம் ஒப்படைப்பது அவற்றின் வேலை. குளியலறைக் குழாய்களையும் அங்கேயே ஓரமாகத் திருப்பிவிடுவார்கள். தன் ஷோகேஸுக்கு மேலே யார் வீட்டுக் கழிவுநீரோ ஓடுவதற்கு எந்த நகைக்கடைக்காரர் சம்மதிப்பார்?

எனக்கு இதைவிட வியப்பு கடிகாரக் கணக்கில். அலுவலகக் கார் காலை பத்துக்கு வந்து சாயங்காலம் கிளம்பும். கடைக்கூட்டம் அப்போதுதான் சேரும். அது கலையும் நேரத்தில் வீட்டுக்காரர் திரும்புவார். ஒரே இடம் மூன்று பேருக்கு. ஏசிக்கான மின்சாரமும் ஏறக்குறைய அப்படித்தான்: அலுவலகத்தில் உச்சம் பிற்பகல், வீட்டில் இரவு. தனித்தனி உச்சங்களைக் கூட்டாமல் மணிக்கு மணி கூட்டினால் டிரான்ஸ்பார்மரே சிறியதாகிவிடும். கார் விஷயத்தில் மட்டும் கணக்கு உதைக்கும். வீடு வாங்குகிறவர் தன் நம்பர் எழுதிய இடத்தைத்தான் கேட்பார்.

ஆனால் இதற்கெல்லாம் முதலில் இடிக்க வேண்டுமே. பிளாசாவின் கடைகள் பல, தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. இப்படி விற்ற கட்டடத்தில் பெட்டிக்கடை அளவு இடம் வைத்திருப்பவருக்கும் அடிமனையில் பிரிபடாத பாகம் உண்டு. இடிக்க எல்லோரும் ஒப்ப வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும் என்கிறது தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம். அந்தக் கையெழுத்துகள் சேர்ந்த பிறகுதான் மூன்று காரா, நான்கா என்ற பேச்சே.