உப்புக் காற்றில் அலுமினியம்

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் சைக்கிளைச் சில மாதம் வெளியே நிறுத்தினால் துருப்பிடித்துவிடும். இவ்வூரில்தான் 2024 பிப்ரவரி 28-இல் நமது இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட்டிலும் விமானத்திலும் மிகுதியாகப் பயன்படுவது அலுமினியக் கலவை. "அலுமினியம் துருப்பிடிக்காதே!" என்பீர்கள். ஆனால், அதுவும் அரிக்கப்படும்.

காற்றுப் பட்டதும் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதுவே அதன் கவசம். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அக்கவசத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலிமைக்காகச் செம்பு சேர்த்த விமானத் தகடு இன்னும் எளிதில் அரிபடும்.

இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்கே மிக ஆபத்தானது. அங்கே புகுந்த ஈரம் எளிதில் உலராது. அரிப்பும் கண்ணுக்குத் தெரியாது. 1988 ஏப்ரல் 28-இல் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த போயிங் 737 விமானம் ஒன்றில், அரிமானத்தாலும் உலோகக் களைப்பாலும் இத்தகைய இணைப்பு வலுவிழந்தது. 24,000 அடி உயரத்தில் கூரையின் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

இந்த அரிமானத்தைத் தடுக்க, ரிவிட் அடிக்குமுன்பே தகடுகளின் தொடும் முகங்கள் இரண்டிலும் பிரைமர் பூசுவார்கள். சொந்தமாகச் சிறு விமானம் கட்டுவோர் பலரும் இப்படியே செய்கிறார்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். அழுக்கின்மேல் பூச்சு ஒட்டாது. துத்தநாகக் குரோமேட் பிரைமர் வெறும் திரை அன்று. கீறல் விழுந்த இடத்தில் ஈரம் பட்டால், குரோமேட் சிறிது கரைந்து அரிமானத்தைத் தடுக்கும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கவல்லது. ஆகவே, குரோமேட் இல்லாத பிரைமர்கள் இப்போது பரவிவருகின்றன.